அப்பாவின் பேர் இருக்கட்டும்

என் கண்ணு மகளுக்கு,

நீ இருக்கிற ஊரில் கம்பெனிகளை மூடுகிறார்கள், நம் நாட்டுக் கடனும் ஏறிக்கொண்டே போகிறது, வங்கியில் இருப்பதையெல்லாம் எடுத்துத் தங்கமாக மாற்று என்று போனில் பதறினாய். நான் பதறவில்லை.

வெளியூர் கிளம்பினால் உன் அப்பா பணத்தைச் சட்டைப்பையில் கொஞ்சம், உள்பையில் கொஞ்சம், என் பையில் கொஞ்சம் என்று பிரித்துவைப்பார். "ஒண்ணை எவனாவது அடிச்சாலும் வீடு வந்து சேரலாம்டி" என்பார். அவர் போன பிறகு, அவர் வேலை பார்த்த பட்டறையில் கொடுத்த பணத்தை நானும் அப்படித்தான் பிரித்தேன். கொஞ்சம் தங்கம், மீதி இன்னொரு வங்கியில்.

எங்கள் இருவர் பேரிலும் கிடக்கிற டெபாசிட்டை மட்டும் தொடவில்லை. அதை எடுக்க அவர் பேரை நீக்க வேண்டுமாம். வங்கிப் பையன் பேனாவை நீட்டினான்.

"ஒரே ஒரு கையெழுத்துதான்மா."

"அவர் பேர் இருந்தா வட்டி குறையுமா?"

"குறையாதும்மா."

"அப்ப அவர் பாட்டுக்கு இருக்கட்டும். உனக்கென்னப்பா இடைஞ்சல்?"

அவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அவரை வழியனுப்பிய பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

உன் வேலையைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. போனால் போகட்டும், கிளம்பி வா. தங்கத்தை விற்று டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன். அது போதாவிட்டால் அந்தக் கையெழுத்தைப் போடுகிறேன். உனக்காக என்றால் அவரே தன் பேரை அடித்துவிட்டிருப்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அவர் பேரோடு சேர்ந்தே இருக்கும்
உன் அம்மா