அரைவட்டத் துளையில் தெரிந்த கைகள்

அன்புள்ள என் வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் உயிரோடு இருக்கிறோம், நேரத்துக்குச் சாப்பிடுகிறோம். உன் நலத்தை உன் வாயால் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. போனை எடுக்காவிட்டாலும் தபாலைத் திருப்பி அனுப்பமாட்டாய் என்ற தைரியத்தில் பேனாவை எடுத்தேன். உன் பிடிவாதம் என் வழியில் வந்ததுதான், அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து வரும்போது ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்து, பின்மண்டையில் அடிபட்டு, பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்துதான் உன் அம்மா எழுந்தாள். அது உனக்குத் தெரியும். லீவு கிடைக்காமல் நீ அங்கே தவித்தது எனக்கும் தெரியும். அதனால்தான் அம்மா தேறிவிட்டாள், கவலைப்படாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன். அவளுக்கு இப்போது எந்த முகமும் அடையாளம் தெரிவதில்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் தெரிகிறது, அது யார் என்பதுதான் பிடிபடுவதில்லை. குரலும் அப்படித்தான். எல்லாரும் ஒரே குரலில் பேசுவதுபோல் கேட்கிறதாம். ஒரு நாள் பீரோ கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "அந்தம்மா வழிவிட மாட்டேங்கறாங்க, நீங்க சொல்லுங்களேன்" என்று என்னிடம் புகார் சொன்னாள்.

இதெல்லாம் தெரிந்தும், பெற்ற பெண்ணின் முகம் மட்டும் தெரியாமலா போய்விடும் என்று ஒரு நப்பாசை. உன்னிடம் முன்கூட்டி எதையும் சொல்லாமல், வீடியோவில் நீ வந்ததும் போனை அவள் முன்னால் நீட்டினேன். "யாரும்மா நீங்க? யார் வேணும் உங்களுக்கு?" என்று அவள் மரியாதையாகக் கேட்டபோது உன் முகம் சுருங்கியதை நானும் பார்த்தேன். நீ போனை வைத்துவிட்டாய். அது நம் மகள்தான் என்று பிறகு அவளிடம் சொன்னேன். அன்று முழுவதும் அவள் வாயில் தண்ணீர்கூடப் படவில்லை. இப்போது போன் அடித்தாலே அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். இன்னொரு முறை உன்னை நோகடித்துவிடுவோமோ என்று பயம்.

இனி நான் சொல்லப்போவதை நீ நம்பவேண்டும். அப்பா கதை விடுகிறார் என்று நினைக்காதே.

என்னை அவள் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் 'சார்' போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரைப் பிடித்திருந்த என் விரல்களையே பார்த்தாள். லிப்ட் ரிப்பேர் வேலையில் கம்பி கிழித்த கட்டைவிரல், நகக்கண்ணில் என்றைக்கும் போகாத கிரீஸ். "ஓ, நீங்களா!" என்றாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து கைதான் எனக்கு அடையாள அட்டை. போன மாதம் லிப்ட் கதவில் விரல் நசுங்கிக் கட்டுப்போட்டுக்கொண்டு வந்தேன். கதவைத் திறக்க மறுத்து, முன்பின் தெரியாத ஆள் வந்து நிற்கிறான் என்று பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுவிட்டாள். இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன் ஒரு பேண்டேஜில் அந்நியனாகிவிட்டேன்.

உன் அம்மா எப்படிப் படம் வரைவாள் என்பது உனக்கே தெரியும். மூன்றாம் வகுப்பில் உன் வீட்டுப்பாடத்துக்கு அவள் போட்டுக் கொடுத்த ஆப்பிளைப் பார்த்து, பானை ரொம்ப நன்றாக இருக்கிறது என்று டீச்சர் எழுதியனுப்பினாரே, அந்தக் கை! வீட்டுக்கு வந்த நாற்பதாம் நாள் பென்சில் கேட்டாள். என் லிப்ட் பராமரிப்புத் தாள்களின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தாள். முதலில் ஒரு கிழவரின் கை. நரம்பு புடைத்து, சுண்டுவிரல் மடங்கி, கசங்கிய ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பிடித்திருக்கிறது. தொட்டால் சூடாக இருக்குமோ என்று நிஜமாகவே தொட்டுப் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. வளையல் போட்ட கை, மாவு ஒட்டிய கை, குழந்தையை இடுக்கிக்கொண்டு இரண்டு விரலை மட்டும் நீட்டும் கை என்று நானூறு தாளுக்கு மேல் ஆகிவிட்டது. இதெல்லாம் யாருடையது என்று கேட்டால், டிக்கெட் வாங்கினவங்க என்கிறாள். ஸ்டேஷனில் அவள் உட்கார்ந்த டிக்கெட் கவுன்ட்டர் உனக்கு நினைவிருக்கும். கண்ணாடி முழுக்க அறிவிப்பை ஒட்டி மறைத்திருப்பார்கள், கீழே அரைவட்டத் துளை மட்டும்தான் திறப்பு. வரிசை நீளமாக இருக்கும்போது தலை நிமிர்ந்து பார்க்க நேரம் ஏது? இருபத்திரண்டு வருஷம் அவள் பார்த்தது கைகளைத்தான். பார்த்ததாக அவளுக்கே தெரியாமல் பார்த்திருக்கிறாள்.

நான் முழுதாக நம்பவில்லை. அடுத்த கவுன்ட்டரில் அவளோடு வேலை பார்த்த பெண்மணி ஒரு நாள் வந்தார். பாதிக் கட்டைவிரல் இல்லாத கை ஒன்றைப் பார்த்துவிட்டு, இது ஆறு நாற்பது வண்டிக்கு வரும் தச்சர்தான் என்று சத்தியம் செய்தார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானும் அவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். தச்சர் தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உளி பட்ட தழும்பு மூன்று, மூன்றும் அதே இடத்தில். ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

முப்பது வருஷமாக லிப்ட் ரிப்பேர் பார்க்கிறேன். கீழே விழுந்த சாமான் முன்னைவிட நன்றாக வேலை செய்து நான் பார்த்ததே கிடையாது. டாக்டரிடம் கேட்டேன். "மெயின் ரோட்டை அடைச்சா வண்டியெல்லாம் சந்து வழியா போகும்ல, அந்த மாதிரின்னு வச்சுக்கங்க. இதுக்கு மேல எனக்கும் தெரியாது" என்றார். அவ்வளவு படித்தவரே தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. உன் அம்மா பென்சிலை எடுத்து உட்கார்ந்தால் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகிறேன். சிரிக்காதே. அங்கே எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். போன வாரம் ஒரு கையைப் பாதி வரைந்தவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். எழுந்து வந்து அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்தாள். "விரல் எங்கே போகுதுன்னு தெரியலை" என்றாள். முகம் போனது, குரல் போனது. கையும் போய்விட்டால் நம்மை அவள் எதை வைத்துத் தேடுவாள்?

இதையும் சொல்லவேண்டும். டிக்கெட் வாங்காத கை ஒன்றும் அந்தத் தாள்கட்டுக்குள் இருக்கிறது. இருபத்தேழு தாள். முதல் தாளில் பொடி விரல்கள் யாருடைய சுட்டுவிரலையோ இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அடுத்ததில் உள்ளங்கை முழுக்க மை. பிறகு சைக்கிளிலிருந்து விழுந்து சிராய்த்த கை. கடைசித் தாளில் நகப்பூச்சு பாதி உரிந்த கை, பெட்டியின் பிடியைப் பிடித்திருக்கிறது. வரிசையாக அடுக்கிப் பார்த்தேன், அத்தனையும் உன் கை. நீ எங்களை விட்டுக் கிளம்பிய நாளோடு அது நிற்கிறது. அதற்கு மேல் ஆறு வருஷமாக அவள் உன் கையை நேரில் பார்க்கவில்லை அல்லவா? தினமும் காலையில் புதுத் தாள் எடுத்துவைத்து, பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கோடுகூட வருவதில்லை.

போனிலேயே கையைக் காட்டுகிறேன் என்பாய். உன் சித்தியை வைத்து அதையும் பார்த்துவிட்டேன். சப்பையாக இருக்கிறது, யாரென்று தெரியவில்லை என்றாள் அம்மா. அதே சித்தி நேரில் வந்து தோளைத் தொட்டதும், அந்தக் கையைப் பார்த்து அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

வேலை முக்கியம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் போதும், இந்த மாதத்துக்குள் வா. நீ கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, கோபத்தோடேயே வா. கோபப்பட வேண்டியது என்மேல்தான். அவள்மேல் வேண்டாம்.

கடைசித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கேட்காமல் எடுக்கவில்லை. உனக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். மடிப்பு விழாமல் இருக்க அட்டை வைத்து அவளே கட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "அவ மூஞ்சிதான் எனக்குத் தொலைஞ்சு போச்சு, அவ தொலையலைன்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும், கண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு. எந்த வண்டியில் வருகிறாய் என்று ஒரு வரி எழுது, ஸ்டேஷனுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். இறங்கியதும் எதுவும் பேசாதே. அவள் கையைப் பிடித்துக்கொள்.

எப்போதும் உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா