முப்பத்தாறாம் பக்கம்

மார்ச் 6
குழாய் ரிப்பேர்காரர் இன்றும் வரவில்லை. கடிதம் ஒன்று வந்தது. நாற்பது வயதுக்குட்பட்ட கணிதவியலாளர்களுக்கு நான்கு ஆண்டுக்கொரு முறை தரும் அந்தப் பரிசின் குழுவிடமிருந்து. எனக்கா? எனக்கு ஐம்பத்து மூன்று. ஒருத்தியின் நிரூபணத்தைப் படித்து ரகசியமாகக் கருத்து எழுத வேண்டுமாம். யார்? தாடியின் மாணவி. டிசம்பரில் அவளுக்கு நாற்பது. இந்த முறை விட்டால் அவ்வளவுதான்.

தாடி — ஐந்து வருடம் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன். என் நிரூபணத்தில் ஓட்டை என்று இதே குழுவுக்கு எழுதி, என் கடைசி வாய்ப்பில் மண்ணைப் போட்டவன். எழுதியதை என் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தான். அந்தக் கட்டுரையை அப்புறம் நான் திறக்கவே இல்லை.

மார்ச் 9
எழுபது பக்கம். நன்றாகத்தான் எழுதுகிறாள். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 15
முப்பத்தாறாம் பக்கம். ஓட்டை! நான் அன்று என் கட்டுரையில் வைத்த இரண்டாவது நிபந்தனையை இவள் வைக்கவே இல்லை. அது இல்லாமல் எப்படி நிற்கும்?

விசிலடித்தபடி பாத்திரம் கழுவினேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, விசிலெல்லாம் பலமா இருக்கு? இன்னைக்கு யாரு மாட்டினாங்க?"

மார்ச் 16
'நிரூபணம் முழுமையற்றது.' எழுதி உறையிலும் போட்டாயிற்று. கை கூசவில்லை. கூசவே இல்லை.

மார்ச் 17
அனுப்பவில்லை. ஓட்டை என்றால் அது எங்கே உடைகிறது என்று காட்ட வேண்டும். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். உடையவில்லை.

மார்ச் 20
உடையாது. நிபந்தனை தேவையே இல்லை. பழைய கட்டுரையைத் திறந்தேன். அது அந்த நிபந்தனையை நம்பித்தான் நிற்கிறது; நிபந்தனையோ எல்லா இடத்திலும் பொருந்தாது. தாடி சொன்ன அதே இடம். பதினாறு வருஷமா அவனைத் திட்டித் தீர்த்தேனே! அவன் சொன்னது சரிதானா? சரிதான்டா, மடையா.

அவள் அடிக்குறிப்பு ஒன்றில் என் பெயர். இந்த வழியை முதலில் காட்டியது என் கட்டுரைதான் என்று எழுதியிருக்கிறாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 21
உறையைக் கிழித்துப் போட்டேன். புதிய கடிதம் மூன்று பக்கம். என் பிழையையும் எழுதினேன். அதைச் சொல்லாமல் அவள் செய்ததன் அருமை விளங்காது.

ஆகஸ்ட் 2
அவளுக்குக் கிடைத்துவிட்டது. நேரலையில் பார்த்தேன்; மேடையில் கைப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தாள்.

தாடிக்குப் போன் செய்தேன்.

"யாருங்க?"

"நான்தான்டா."

வைத்துவிடுவானோ என்று அவசரமாகச் சொன்னேன்.

"முப்பத்தாறாம் பக்கம் பார்த்தேன். என் கட்டுரையையும் பார்த்தேன். நீ சொன்னது சரிடா."

"இப்பவாவது பார்த்தியே."

"தாடி இன்னும் இருக்கா?"

"தாடி இருக்கு. தலையிலதான் ஒண்ணுமில்ல."

பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"மறுபடியும் விசிலா? இன்னைக்கு யாரு மாட்டினாங்க?"

"நான்தான்."

அவள் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.