யூகி என்ற பெயருக்கு உங்கள் சம்மதம்

ஜெபல் அலி, துபாய்
14.5.2004

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு, ஜெயசீலன் வணங்கி எழுதுவது. நான் சுகம்தான். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மூன்று வெள்ளிக்கிழமையாக போன் செய்கிறேன். நீங்கள் தூங்குவதாகவே அருணா சொல்கிறாள். மருமகளைப் பொய் சொல்ல வைக்கும் அளவுக்கு என்மேல் கோபமா?

அவளும் தங்கச்சியும் தொடங்கும் எம்பிராய்டரிக் கடைக்கு ‘யூகி’ என்று பெயர் சொன்னது நான்தான். பினாங்கில் உங்களைப் பெற்ற ஜப்பான் அம்மாவின் போட்டோவுக்குப் பின்னால் தாத்தா அந்தப் பெயரைத் தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்திருந்தேன். ஜப்பான் சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் அவரை ஜப்பானுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்பதற்குமேல் நீங்கள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

போன வாரம் சைட்டுக்கு ஒரு ஜப்பான் இன்ஜினியர் வந்தார். போர்டுக்காக அந்தப் பெயரை அவர்கள் எழுத்தில் கேட்டேன்.

“எந்த யூகி? பனி என்றும் எழுதலாம், சந்தோஷம் என்றும் எழுதலாம்” என்றார்.

தெரியவில்லை, என் அம்மாவைப் பெற்றவரின் பெயர் அது என்றேன். “அம்மாவைக் கேட்டு வா” என்று பேனாவை மூடிவிட்டார்.

ரூமில் வேலுச்சாமி அண்ணன், “ஏம்ப்பா, அர்த்தம் தெரியாமலா பேரு வச்சே?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து நிம்மதியில்லை. உங்கள் அம்மாவின் பெயரை உங்களைக் கேட்காமலே கடைக்கு எடுத்துவிட்டேன்.

பெயிண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். வேண்டாமென்றால் வேறு பெயர் வைக்கலாம். அருணாவிடம் சொல்லி அனுப்பாமல், உங்கள் கையாலேயே நாலு வரி எழுதுங்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள்.

டூட்டி பஸ் ஹாரன் அடிக்கிறது. ஒன்றே ஒன்று அம்மா. உங்கள் அம்மா உங்களை என்னவென்று கூப்பிடுவார்? அதையும் எழுதுங்கள்.

உங்கள் மகன்
ஜெயசீலன்