தெமோதரைச் சனிக்கிழமைகள்

பதுளை,
12.5.1961

என் மகளின் தாய்க்கு,

பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்தது போதும். பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததற்கு நான் உம்மை ரயிலில் அலைக்கழித்ததே காரணம் என்று உமது அண்ணர் சொன்னபோது, நீர் வாய் திறக்கவில்லை. பிள்ளையோடு யாழ்ப்பாணத்தில் அண்ணர் வீட்டிலேயே தங்கிவிட்டீர். இப்போது மகளும் அதையே நம்புகிறாளாம்.

சனிக்கிழமைதோறும் இங்கிருந்து தெமோதரைக்கு ரயிலில் போய்வந்த பயணங்கள் யாருடைய ஆசை? சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும், “இஞ்சாருங்கோ, பிள்ளை உதைக்குது! வாற சனியும் வருவம்,” என்பீர்.

“ரயில் கார்ட் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்,” என்பேன் நான்.

“சிரிக்கட்டும். உங்களுக்கேன் வெக்கம்?”

இப்போதும் சனிக்கிழமைகளில் ஸ்டேஷன் வீதியைத் தவிர்த்துச் சுற்றித்தான் வீடு திரும்புகிறேன்.

அந்தப் பயணங்களை நீர்தான் விரும்பிக் கேட்டீர் என்று மகளிடம் சொல்லும். வேறொன்றும் கேட்கவில்லை.

என் எழுத்து உமக்குத் தெரியும். உறையில் என் பெயரைக் கண்டால் அண்ணர் பிரிக்காமலே திருப்பிவிடுவார். ஆகையால் உறையில் பெயர் எழுதாமல், உள்ளேயும் கையெழுத்திடாமலே தபாலில் சேர்க்கிறேன்.