மெயினை அணைத்த மதியம்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மக்கர் செய்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். கடையில் லென்ஸ் தேய்க்கும்போது கண்ணுக்கு மறைப்புப் போட்டுக்கொள்கிறாயா? ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி செய்து கொடுத்துவிட்டு உன் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஒரு செய்தி, சிரிக்கக் கூடாது. நான் கம்ப்யூட்டர் அடிப்படை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். நூலக மாடியில், வாரம் மூன்று நாள், காலை பத்து மணிக்கு. வயரிங் வேலைக்கான அனுமதிப் படிவத்தை இனிமேல் கம்ப்யூட்டரில்தான் நிரப்ப வேண்டுமாம், வேறு வழியில்லை. உன் அம்மா, முப்பது வருஷமா வீட்டுக் காலிங் பெல்லைச் சரி பண்ணாத எலக்ட்ரீஷியன் கம்ப்யூட்டர் கத்துக்கப் போறாராக்கும் என்று பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்படி சொன்னாள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், மவுஸைத் தபால் முத்திரை மாதிரிக் குத்துகிறார். டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும். உள்ளே இருப்பதெல்லாம் கோடிக்கணக்கான குட்டி ஸ்விட்சுகள், ஆன் என்றால் ஒன்று, ஆஃப் என்றால் சைபர், எழுத்து, படம், பாட்டு எல்லாமே அந்த இரண்டை வைத்துத்தான் என்று அவர் முதல் வாரம் சொன்னதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அட, இது நம்ம தொழிலாச்சே என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன், வகுப்பே திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமைப் பாடம்தான் என் வாயை அடைத்தது. கம்ப்யூட்டருக்கு இரண்டு விதமான நினைவகம் உண்டு என்றார் டீச்சர். ஒன்று கரும்பலகை மாதிரி, வேலை நடக்கும்வரை எழுத்து நிற்கும், கரண்ட் போன நொடியே துப்புரவாக அழிந்துவிடும். இன்னொன்று நோட்டுப் புத்தகம் மாதிரி, சேமி என்று நாம் சொன்னால்தான் அதில் ஏறும், ஏறிவிட்டால் கரண்ட் போனாலும் இருக்கும். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள், என் பேனா நகரவே இல்லை. உன் பத்தொன்பதாவது வயதின் அந்த மதியம் கண்முன்னால் வந்து நின்றது. கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் இடம் கிடைக்க ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டிய ப்ரோகிராமை நீ காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாய். கூடத்து ஃபேனின் ரெகுலேட்டரை மாற்றுவதற்காக உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் மெயினை அணைத்தேன். எல்லாம் போச்சுப்பா என்று நீ அலறினாய். பெட்டிக்குள்ள வெச்சது எங்க போகும், கரண்ட்டைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா என்றேன். மறுபடி போட்டுப் பார்த்தால் வெறும் பக்கம். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம், பாவி நான். எழுதியிருந்தாத்தானே இருக்கும், சாக்குப்போக்குச் சொல்லாதே, எழுதினேன்னா எங்கே காட்டு என்று அம்மா முன்னால் கேட்டேன். நீ அழுதுகொண்டே திரும்ப உட்கார்ந்தாய், பாதி முடிவதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது, இடமும் போய்விட்டது. அடுத்த வருஷம் முயற்சி பண்ணு என்றதற்கு வேணாம்பா என்று ஒரே வார்த்தை சொன்னாய். இடையிடையே சேமிக்காதது உன் தப்புதான், அதை இன்றைக்கும் சொல்வேன். உன்னைப் பொய்க்காரி ஆக்கியது என் தப்பு. உனக்கு வாயாடி என்று பேர் வைத்தவனே நான், அந்த நாளுக்குப் பிறகு என்னிடம் நீ வாயாடவே இல்லை. போனில் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அம்மாகிட்ட குடுங்க, அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை, யாருக்காவது ஒரு கடிதம் தட்டச்சு செய்யுங்கள் என்றார் டீச்சர். உனக்குத்தான் ஆரம்பித்தேன். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஒன்றரை மணி நேரம். இத்தனை வருஷம் வாயில் வராததெல்லாம் வந்தது. முடிக்கப் போகிற நேரம் பார்த்துத் தபால்காரர் காலை நீட்டினார், மேசைக்கடியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் போர்டின் ஸ்விட்ச் அணைந்தது. அதைத் தரையில் போடாதீர்கள் என்று முதல் நாளே சொன்னவன் நான். ஆனால் நான் சேமிக்கவில்லை. பாடம் நடந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, நானும் சேமிக்கவில்லை! ஒரு பக்கம் முழுக்க எழுதினேம்மா, நிஜமாவே எழுதினேன் என்று டீச்சரிடம் சொன்னபோது என் குரல் எனக்கே சகிக்கவில்லை. எங்கே காட்டுங்கள் என்று கேட்பார் என்று நின்றேன். அவர், தெரியும் ஐயா, எழுதிக்கிட்டே இருந்தீங்களே என்றார். சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு வந்து அழுதேன். வீட்டில் கண்ணில் தூசி விழுந்தது என்றேன், அம்மா நம்பவில்லை.

முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்கு என்னை நம்ப ஒரு நொடி போதுமாக இருந்தது. பெற்ற மகளை நம்ப எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது. அன்றைக்கு நீ எழுதியிருந்தாய் அம்மா. காலையிலிருந்து எழுதியிருந்தாய். என்னை மன்னித்துவிடு. இதைக் கையாலேயே எழுதுகிறேன், யார் கால் பட்டாலும் அழியாது.

நீ நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். கண்ணுக்கு மறைப்பு, மறந்துவிடாதே. இன்னொன்று, அடுத்த தடவை போன் செய்யும்போது எடுத்த எடுப்பில் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாதே. என்னை நன்றாக நாலு வார்த்தை திட்டிவிட்டு அப்புறம் கேள்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அப்பா