உம்மாவின் அலுமாரிக்குள் ஒளிந்தவருக்கு

வாசல் தாண்டாமல் இத்தாவில் இருக்கும் உம்மாவுக்கு வெள்ளைச் சேலை எடுக்க இன்று அலுமாரியைத் திறந்தேன். பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடித்தது. வாப்பா, அது உங்கள் மணம். மற்றப் பிள்ளைகளின் வாப்பாமார் அத்தர் மணப்பார்கள். எனக்கு வாய்த்தவருக்குப் பூச்சி உருண்டை.

கடன்காரர் மணியடித்தால் நீங்கள் இதற்குள் புகுந்துவிடுவீர்கள். கதவு என் பொறுப்பு. வாப்பா மடவளைக்குப் போயிட்டார் என்பேன். இன்னொரு நாள் தெல்தெனிய. அலுமாரிக்குள் இருந்தபடியே கண்டியைச் சுற்றி எல்லா ஊரும் போய் வந்தீர்கள். ஆள் போனதும் வெளியே வந்து, "நல்லா நடிக்கிறீங்க மகள்" என்று தலையைத் தடவுவீர்கள். நீங்கள் கடனாளி, நான் கதவாளி. விளையாட்டென்றே நம்பினேன்.

செருப்புக் கடைக்குக் கடன் எடுத்தபோது உம்மாவைப் பிணை வைத்தீர்கள். வீடு உம்மாவின் பேரில் அல்லவா. "பேருக்குத்தான், ஒரு சைன்" என்றீர்கள். உம்மா கடதாசியை வாசிக்கக் கேட்டா. தேத்தண்ணி ஆறுது என்று பேச்சை மாற்றினீர்கள். அன்று உங்கள் பேனைக்குள் மை தீர்ந்த குச்சியைப் போட்டு வைத்திருந்தேன். உம்மா கீறிக் கீறிப் பார்த்தா. நீங்கள் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து வேறு பேனை எடுத்தீர்கள். நான் செய்த ஒரே உருப்படியான குறும்பு வாப்பா, அதையும் கெடுத்தீர்கள்.

பிறகு கடை மூடியது. பிறகு உங்கள் நெஞ்சும் நின்றது.

போன கிழமை கடன் தந்த கம்பனியின் ஆள் வந்தார், அக்குறணைக்காரர். உம்மாவைக் கேட்டார். பழகிய வாய் அல்லவா, உம்மா டவுனுக்குப் போயிட்டா என்றேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"இத்தாவில ஈக்கிற பொம்புள எங்க மகள் போற?"

கணவன் மௌத்தான பிறகு மாதக்கணக்கில் வாசல் தாண்டாத உம்மா, திரைக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறா.

"ஈக்கிறேண்டு செல்லுங்க மகள். ஒளியிறதுக்கு நான் உங்கட வாப்பா இல்ல."

கட்டாவிட்டால் வீடு ஏலம் என்றார் அவர். உம்மா அழவில்லை. அவர் கொண்டுவந்திருந்த அந்தக் கடன் கடதாசியை என்னிடம் தரச் சொல்லி, முதல் வரியிலிருந்து வாசிக்க வைத்தா. திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன். கடைசியில் உம்மாவின் கையெழுத்து, மை நல்ல கறுப்பு.

இப்போதும் மணியடித்தால் நாக்கு முதலில் "இல்ல" என்றுதான் புரளுது. நீங்கள் எனக்கு விட்டுப்போன சொத்து அது. விழுங்கிவிட்டு, உம்மா ஈக்கிறா என்கிறேன்.

தொழுது உங்களுக்கும் துஆ கேட்கிறேன் வாப்பா. அல்லாஹ் உங்களை மன்னிக்கட்டும். நான் பிறகு பார்க்கிறேன்.