வெறுமையாகத் திரும்பிய லொறி

12.3.2024, செவ்வாய்

முதல் நோன்பு. கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் கூடிவிட்டது. ஆனாலும் எல்லோரும் இரண்டாம் கோப்பை கேட்டார்கள்.

நப்ரீஸும் நோன்பு திறக்க வந்திருந்தான். இவருடைய, அதாவது என் கணவருடைய, தம்பி; கொழும்புக் காலி வீதியில் எங்கள் சேலைக் கடைக்குப் பாதிப் பங்குக்காரன். ஏழைகளுக்குக் கொடுக்கும் கடமையான ஸகாத் பற்றிப் பேச்சு வந்தது. ஒவ்வொரு நோன்புக்கும் கடை வாசலில் ஆண்களுக்குச் சாரமும் பெண்களுக்குச் சேலையும் கூடவே ஒரு காசு நோட்டும் கொடுப்போம். வரிசை பஸ் தரிப்பிடத்தைத் தாண்டிப் போகும். போன வருடம் வெயிலில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினால், முதலில் கேட்டது, “என்ட இடம் போச்சா?” என்றுதான். எனக்கு அது இன்னும் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

ஆகவே சொன்னேன்: இந்த முறை முழுவதையும் ஒரே குடும்பத்துக்குக் காசாகக் கொடுப்போம். அகீலின் குடும்பத்துக்கு.

அகீல் ஆறு வருடம் எங்கள் கடையில் சேலை விரித்துக் காட்டியவன். பெற்றோல் இல்லாத வருடம் வியாபாரம் படுத்ததும் கிண்ணியாப் பக்கம் மனைவி பஸ்லாவின் ஊருக்குப் போய் வயல் செய்கிறான். இரண்டு பிள்ளைகள். அங்கே கஷ்டம் என்று காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

நப்ரீஸ் என்னைப் பார்த்துச் சிரித்தான். “மச்சி, அகீலுக்கா? கடையில ஈக்கக்குள்ள சம்பளம் அவன்ட கையில மூணு நாள் நிக்காது. புது போன் ஒண்டு வாங்குவான், ஒங்களுக்கே அதிலிருந்து கோல் எடுத்து நன்றி செல்லுவான்.”

இவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஒரு வருஷம் பாப்பம். சரிவரல்லண்டா அடுத்த நோன்புக்குப் பழையபடி வரிசைதான்.” பிறகு என் பக்கம் திரும்பி, “குடுத்த பொறகு அது அவங்கட சொத்து. என்ன செஞ்சீங்கண்டு கேக்க ஏலா. லுத்பியா, ஒங்களுக்குத்தான் செல்றன்” என்றார்.

எனக்கு! பக்கத்து வீட்டில் மீன் பொரிந்தால் என்ன மீன் என்று கேட்காமல் சோறு இறங்காத எனக்கு.

23.3.2024

காசு பஸ்லாவின் பெயரில் உள்ள கணக்குக்குப் போய்விட்டது. அகீலின் பெயரில் வேண்டாம் என்றது நான். நப்ரீஸின் வார்த்தை எனக்குள்ளும் கொஞ்சம் வேலை செய்திருக்கிறது போல.

பின்னேரம் பஸ்லா போன் எடுத்தாள். சலாம் சொன்னாள். பிறகு, “ராத்தா, இதுக்கு நாங்க என்ன வாங்கணும்?” என்றாள்.

“அது உங்கட இஷ்டம்” என்றேன்.

“எங்கட இஷ்டமா?”

ஓம் என்றேன். திரும்பவும் கேட்டாள். நிவாரணம் என்றால் அரிசி, பருப்பு, பாய், வாளி என்று யாரோ தீர்மானித்துக் கொண்டுவந்து இறக்குவதுதான் அவளுக்குத் தெரியும். எனக்கு மேல் சிலிர்த்தது. இத்தனை வருடம் கொடுத்திருக்கிறோம், ஒரு நாளாவது இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறோமா?

13.4.2024

பெருநாள் முடிந்து பஸ்லாவோடு அரை மணித்தியாலம் கதைத்தேன். பிள்ளைகளின் இருமல், மழை, மாடு. காசைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

9.6.2024

நப்ரீஸ் போனை நீட்டினான். பேஸ்புக்கில் அகீல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உழவு மெஷினில் சாய்ந்து நிற்கிறான். “ஸகாத் கண்ணாடி” என்றான் நப்ரீஸ். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

25.8.2024, ஞாயிறு

கிண்ணியாவில் இவருடைய சினேகிதரின் மகனுக்கு வலீமா, கல்யாண விருந்து. நான் ஏன் இவ்வளவு சந்தோஷமாகப் புறப்பட்டேன் என்று இவருக்குத் தெரியும். “கேக்க ஏலா” என்று கந்தளாய் தாண்டும்வரை மூன்று தரம் சொல்லிவிட்டார்.

வீதியின் ஒரு பாதி முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். வாகனங்கள் மற்றப் பாதியில் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. அங்கே யாருக்கும் அதில் கோபமில்லை.

அகீலின் வீடு. கேட்கத்தானே கூடாது, பார்க்கலாமே. பார்த்தேன். அதே தகரம். சுவருக்குப் பூச்சு இல்லை. டீவி இல்லை, பிரிட்ஜ் இல்லை. கிணற்றுக் கயிறுகூடப் பழசு. கண்ணாடி மட்டும் — அது மெஷின்காரனுடையதாம், படத்துக்கு வாங்கிப் போட்டானாம். அதை அவனே சொல்லிச் சிரித்தான். ஒரு பாரம் இறங்கியது.

ஆனால் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. மண்டபத்திலும் அறையிலும் கூரைவரைக்கும் நெல் மூட்டை. குசினிக்குப் போக ஓராள் வழி. பிள்ளைகளின் பாய் வெளியே, நுளம்பு வலைக்குள். எங்களுக்கு மாமரத்தடியில் கதிரை போட்டார்கள். கோழிக்கறி அருமை, அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது படலையடியில் ஒரு லொறி வந்து நின்றது. அகீல் கையைக் கழுவிக்கொண்டு போனான். ஏதோ கதைத்தார்கள். லொறிக்காரன் கையை விரித்தான், சத்தம் போட்டான். பிறகு லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது. அகீல் வந்து உட்கார்ந்தான். முகம் வெளிறியிருந்தது, தண்ணீர்க் கோப்பை கையில் ஆடியது. பஸ்லாவோ சிரிக்கிறாள்.

பாவம். விருந்தாளிகளுக்கு முன்னால் மறைக்கிறாள். விளைந்ததெல்லாம் விலைபோகாமல் வீட்டுக்குள் கிடக்கிறது. பிள்ளைகள் வெளியே படுக்கிறார்கள். கொடுத்த காசும் உரத்துக்கும் எண்ணெய்க்கும் கரைந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்கக்கூட மனம் வரவில்லை.

26.8.2024

நப்ரீஸிடம் இவர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அவன் கேலி பண்ணவில்லை. “மச்சி, விடுங்க. நல்ல எண்ணத்துலதானே செஞ்சீங்க” என்றான். கேலி பண்ணியிருந்தால் தேவலை.

20.11.2024, புதன்

வெள்ளவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். எங்கும் தட்டுப்பாடாம், நாட்டரிசி இல்லை. ஒரு முதலாளி, “நோனா, ஹெட்ட எண்ட” என்று சிங்களத்தில் கையைக் காட்டிவிட்டார். நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்கும் இருக்காது என்று அவருடைய முகமே சொன்னது. அலுத்துப்போய் எங்கள் கடைக்குப் போனேன். அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை அரிசி. பக்கத்தில் அகீல்.

“ராத்தா, எங்கட வயல் நெல்லு. குத்திக் கொண்டுவந்த.”

“விக்கல்லையே எண்டு பயந்தனே அகீல்! அண்டைக்கு லொறிக்காரன் வேணாமெண்டுட்டுப் போனானே?”

அகீல் என்னைப் புரியாமல் பார்த்தான். “அவன் எங்க ராத்தா வேணாமெண்ட? நான்தான் இல்லெண்ட.”

நான் உட்கார்ந்துவிட்டேன். அவன் சொல்லச் சொல்ல எனக்கு வாய் மூடவில்லை. ஒவ்வொரு போகமும் வெட்டிய அன்றே, நெல்லின் ஈரம் காயுமுன்னே, வரம்பில் வைத்து லொறிக்காரன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுவார்களாம். காயவைத்து வைத்திருந்தால் கூடிய விலை வரும் என்று அந்த ஊரில் தெரியாத குழந்தை இல்லை. ஆனால் அன்றைக்கே கையில் காசு வேண்டும். வெட்டிய மெஷின் வாசலில் நிற்கும், பிள்ளைக்குச் சப்பாத்து வேண்டும், கடையில் சாமான் வேண்டும். லொறிக்காரனுக்கும் அது தெரியும்.

“இந்த முறை கையில சல்லி இரிக்கி. அந்தத் தைரியத்துல, இண்டைக்கி விக்கல்ல எண்டு சொன்ன. பொறந்த நாளையிலிருந்து முதல் தரம். கை நடுங்கிச்சி ராத்தா. நீங்க பாத்திரிப்பீங்க.”

பார்த்தேன். பார்த்துவிட்டு, பாவம் என்றேன். சுபுஹானல்லாஹ். நான் பரிதாபப்பட்ட நேரத்தில் அந்த மனுஷன் தன் வாழ்க்கையின் பெரிய காரியத்தைச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான்!

போன கிழமை விற்றார்களாம், நல்ல விலைக்கு. நப்ரீஸ் சேலை மடிக்கிறவன் போல நின்றான். ஒரே சேலையை இரண்டு தரம் மடித்தான்.

1.3.2025, சனி

நாளைக்குத் தலைநோன்பு. இந்த வருட ஸகாத் பேச்சு. நப்ரீஸ் அகீலைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. “நெல்லைப் புடிச்சி வெச்சாங்க, சரி. அது விக்கிற வரைக்கும் எதைச் சாப்பிட்ட? நம்மட சல்லியத்தானே? அது முடிஞ்சி. வார போகத்துக்குத் திரும்ப லொறிதான். அப்ப வருஷா வருஷம் ஒரே வீட்டுக்கா?”

 இவர், நோன்பு பாதியாவதற்குள் முடிவெடுப்போம், இல்லாவிட்டால் வரிசை என்றார். நப்ரீஸ் சாரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறான்.

13.3.2025, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு. அசர் தொழுகைக்குப் பிறகு இவரும் நப்ரீஸும் மேசையில் இருந்தார்கள். நான் நோன்பு திறக்கப் பெட்டிஸ் மடித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு, அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். பஸ்லா.

“ராத்தா, காக்காட்ட ஒரு மார்க்கச் சட்டம், மஸ்அலா, கேக்கணும். நீங்க தந்த சல்லி பேங்கில, பிறைக் கணக்குல வருஷம் திரும்பிட்டு. நாங்க கை வைக்கல்ல. அதுக்கு நாங்க ஸகாத் குடுக்கணுமா?”

காக்கா என்று அண்ணன் முறையில் அவள் சொன்னது இவரை. நப்ரீஸ் கதிரையைப் போனுக்குக் கிட்ட இழுத்தான்.

இவர்தான் போனுக்குக் குனிந்து கேட்டார். “தங்கச்சி, முழுசா ஈக்கிதா?”

“முழுசா. தேவப்படல்ல காக்கா. வெட்டுன அண்டைக்கி மெஷின்காரன் வந்து நிண்டார். சல்லி இரிக்கி, வேணுமெண்டா இப்பவே எடுத்துத் தாறம் எண்ட. இரிக்குதெண்டா என்ன அவசரம், நெல்லு வித்துட்டுத் தாங்க எண்டுட்டுப் போயிட்டார். கடைக்காரரும் அப்படித்தான். முந்தி ஒரு நாளும் பொறுக்க மாட்டாங்க. இவர் கூலிக்குப் போனார், நான் பாய் பின்னின. சாப்பாடு அதுல போச்சி.”

செலவழிக்காத காசு! வங்கியில் சும்மா கிடந்து, லொறியைத் திருப்பி அனுப்பி, மெஷின்காரனைப் பொறுக்கவைத்து, இரண்டு பிள்ளைகளை நெல்லுக்கு வெளியே தூங்கவைத்து — ஒரு சதம் குறையவில்லை. கையில் காசு இருக்கிறவனைத்தான் யாரும் நெருக்கமாட்டார்கள் என்று வியாபாரிகளான எங்களுக்குத் தெரியாதா? புறக்கோட்டை மொத்தக் கடைகளில் எங்கள் பெயருக்கு எத்தனை மாதத் தவணை கிடைக்கிறது! அந்த இரண்டு பேருக்கும் அது கிடைக்க ஒரு வருட ஸகாத் போதுமாக இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாவுக் கையால் துடைத்து இன்னும் மோசமாக்கிக்கொண்டேன்.

இவர் சொன்னார்: “கடமையாகுற அளவுக்கு அந்தத் தொகை வரல்ல தங்கச்சி. ஒங்க மேல ஒண்டும் இல்ல.”

“அப்ப இன்னொண்டு காக்கா. பக்கத்து வயல்காரர் ஜனாட நெல்லு வெட்டு வார கிழம. அவருக்கும் அதே லொறிதான். எங்களுக்கு இப்ப நெல்லு வித்த சல்லி கொஞ்சம் இரிக்கி. நீங்க தந்த சல்லிய அவங்கட வீட்டுல வைக்கலாமெண்டு யோசிக்கிறம். அவங்க ஒரு போகம் வெச்சிருந்துட்டு அடுத்த வீட்டுக்குக் குடுக்கட்டும். அவங்க தமிழாக்கள், முஸ்லிம் இல்ல. இது ஸகாத் சல்லி. குடுக்கலாமா?”

இவர் தலையை ஆட்டினார். “அது ஸகாத் சல்லி இல்ல தங்கச்சி. போன வருஷமே ஒங்கட சல்லி. எங்கள்ட்ட கேக்கத் தேவல்ல.”

“எங்கட இஷ்டமா?” என்றாள் பஸ்லா. இந்த முறை ஒரு தரம்தான் கேட்டாள்.

நோன்பு திறக்கும்போது நப்ரீஸ் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். பாங்கு முடிந்ததைக்கூட நான்தான் சொன்னேன்.

17.3.2025, திங்கள்

சாரக்காரர் கடைக்குப் போன் எடுத்தாராம். வேண்டாம் என்று நப்ரீஸ் சொல்லிவிட்டானாம்.

மத்தியானம் அவன் பம்பலப்பிட்டி வங்கிக்குப் போய் இந்த வருட ஸகாத்தைக் காசாக அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தான். வெயிலில் முகம் சிவந்திருந்தது. யாருக்கு, எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.